நடந்து போன கட்டடம்

செப்டம்பர் 18

மண்டை காய்ந்து திரும்பியிருக்கிறேன். இன்று மட்டும் பதினாறு இடங்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிடுகிறது. ஏழு வருடத்தில் மதுரையில் எந்த நிலம் என்னவாக மாறியது, எங்கே மரம் வைத்தால் ஊர் கொஞ்சம் குளிரும் என்று பார்க்கிற ஆய்வு. புவியியல், தாவரவியல், பொருளாதாரம், சமூகவியல் என்று நாலு படிப்பு படித்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து நாலு பாஷையில் சண்டை போடுவோம். கடைசியில் எல்லோரும் வரைபடத்தைப் பார்த்து அமைதியாகிவிடுவோம்.

அந்த வரைபடத்தைத் தயாரிப்பது கணினி. செயற்கைக்கோள் படத்தை வாங்கி மரம், புல், நீர், கட்டடம், வெற்று நிலம் என்று பதினோரு நிறமாகப் பிரித்துத் தரும். அது சொல்வது உண்மைதானா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டியவள் நான்.

ஆவாரங்கண்மாய்க் கரையில் இரண்டு ஏக்கருக்குக் கட்டடம் இருப்பதாகக் கணினி சொல்லியிருந்தது. நிலப் பதிவில் அது கண்மாய்ப் புறம்போக்கு. ஆகவே ஆக்கிரமிப்பு என்று சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. திடல் முழுக்க வெள்ளை விரிப்பு. லாட்ஜ் விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, கல்யாண மண்டபத்து மேசைத்துணி எல்லாவற்றையும் மூலைக்கு ஒரு கல் வைத்து, மண் தெரியாமல் காயப்போட்டிருந்தார்கள். மேலேயிருந்து பார்த்த கணினிக்கு அது வெள்ளையடித்த மொட்டைமாடியாகத் தெரிந்திருக்கிறது. நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டேன்.

அங்கே வெளுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். பெயர் மூக்கம்மா, ஐம்பது வயது இருக்கும்.

"என்னத்தா சிரிப்பு? துணியில கறை எதுவும் கெடக்கா?"

இல்லையென்று குனிந்து ஒரு விரிப்பின் மூலையைத் திருப்பினேன். யார் வீட்டுத் துணி என்பதற்கான குறி இருந்தது. "இன்னமும் சேராங்கொட்டை மையிலதான் குறி போடுறீங்களா? இப்ப மார்க்கர் பேனா வந்திருச்சே" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 19

ஆய்வுக்குத் தலைவர் ஞானசிகாமணி சார். புவியியல் பேராசிரியர். தன் வரைபடத்தை யாரும் குறை சொல்லாதவரை தங்கமான மனுஷர்.

"கட்டடம் இல்லையா? ரொம்ப நல்லதாப் போச்சு செண்பகம். வெற்று நிலம்னு மாத்திருங்க."

"வெற்று நிலம் இல்ல சார். இருபது குடும்பத்துக்கு மேல அதை வச்சுத்தான் பொழைக்கிறாங்க."

"நம்ம பட்டியல்ல பொழப்புன்னு ஒரு வகை இருக்காம்மா?"

இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கட்டடம் என்றால் ஆக்கிரமிப்பு, அகற்ற வேண்டும். வெற்று நிலம் என்றால் சும்மா கிடக்கிறது, மரம் நட வேண்டும். எப்படிப் புரட்டிப் போட்டாலும் முடிவில் வேலிதான் வரும். நான் எதையும் மாற்றவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21

கேஸ் சிலிண்டர் வந்தது. அரிசி களைந்து போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன். கோவில்பட்டியில் மழை இல்லையாம். வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியும் தோள் வலி மட்டும் அவளை விடவில்லை. என்ன வேலை என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

வைப்பதற்கு முன் வழக்கமான பாட்டைப் பாடினாள்: "கூட வேல பாக்கவங்ககிட்ட ஊர்க்கத எல்லாம் பேசிக்கிட்டு இருக்காத தாயி. வீட்டுக்காரம்மா கேட்டாலும் சிரிச்சு மழுப்பிரு."

மழுப்பித்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரம்மா நல்ல தங்கமானவர், "நீங்க என்ன ஆளுக?" என்று மாதம் ஒரு முறைதான் கேட்பார்.

செப்டம்பர் 27

பட்டியல் வந்துவிட்டது. நகரப் பசுமைத் திட்டக் குழு எங்கள் ஆய்வை நம்பி ஏழு இடங்களில் அடர்வனம் வளர்க்கப் போகிறது. முதல் இடம் ஆவாரங்கண்மாய்க் கரை. நவம்பர் நாலாம் தேதி ஆய்வுக் கூட்டம். அதில் ஒப்புதல் வாங்கியதும் வேலி போடுவார்கள். எங்கள் அறிக்கையில் அந்த இடத்துக்கு நேரே "வெற்று நிலம்" என்று இருக்கிறது. நான் மாற்றாவிட்டால் என்ன, சாரே மாற்றிவிட்டார். கீழே களச் சரிபார்ப்பு என்று என் பெயரையும் போட்டிருக்கிறார்.

என் பெயரில் பொய் சொல்ல இவர் யார்?

பக்கத்து நாற்காலியில் ரிஃபாயா. தாவரவியல்காரி. மரத்துக்காக யாரோடும் மல்லுக்கு நிற்பாள். அந்தத் திடலுக்கு முப்பது வகைக் கன்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். திடலில் எடுத்த படத்தை அவளிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன்.

"மரம் வைக்க எடமா இல்ல இந்த ஊர்ல? ஒருத்தர் வயித்துல குழி தோண்டித்தான் நட்டாகணுமா? நீ என்ன பண்ணப் போற சொல்லு, நானும் வாரேன்" என்றாள்.

என்ன பண்ணப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 29

இன்று திடலுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னேன். அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கச் செயலாளர் சோலைராஜா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். அவர்களுக்கு இது முதல் அடி இல்லை.

"மனு குடுத்துக் குடுத்துக் கையே ஓஞ்சு போச்சும்மா. போன தடவ வந்தவய்ங்க, மிஷின் வச்ச கட்டடம் கட்டித் தாரோம்னாய்ங்க. எங்கிட்டுன்னு கேட்டா ஊருக்கு வெளிய பதினஞ்சு கிலோமீட்டராம். லாட்ஜுக்காரன் அம்புட்டுத் தூரம் மூட்டையத் தூக்கிட்டு வருவானா?"

"இந்த எடம் போச்சுன்னா நாங்க எல்லாம் எங்க விரிக்கிறது, நடுரோட்லயா?" என்றார் மூக்கம்மா.



அக்டோபர் 1

பழைய படங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஐந்து நாளுக்கு ஒரு முறை, காலை பத்தரை மணி வாக்கில் செயற்கைக்கோள் மதுரை மேலே போகும். ஏழு வருடத்துப் படங்களில் அந்தத் திடல் ஒரு நாள் வெள்ளை, ஒரு நாள் பழுப்பு, மறுபடி வெள்ளை. துணி விரித்த நாள், விரிக்காத நாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று குதித்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"மேகம், தூசி, பனி, கருவிப் பிழை. இப்படி நிறம் மாறித் தெரியுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். துணின்னு எப்படி நிரூபிப்பீங்க?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் கோபம் இரண்டு மடங்காக வந்தது. வீட்டுக்கு வந்து வெண்டைக்காய் நறுக்கும்போதுதான் யோசனை வந்தது. நடந்து முடிந்ததை வைத்து நிரூபிக்க முடியாது. நடக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்து காட்டினால்?

வெண்டைக்காய் பாதி கருகிவிட்டது. அதையே தின்றேன்.

அக்டோபர் 4

யோசனை இதுதான். செயற்கைக்கோள் போகிற ஒரு நாள் திடலின் கிழக்குப் பாதியில் மட்டும் வெள்ளை விரிக்க வேண்டும்; மேற்குப் பாதியில் ஒரு கைக்குட்டைகூட இருக்கக் கூடாது. அடுத்த முறை போகும்போது மேற்கில் மட்டும். கட்டடம் இடம் மாறி உட்காராது. துணிதான் மாறும்.

சொல்வதற்கு எளிது. பாதித் திடலை மதியம் வரை காலியாக விட்டால் பாதித் துணி ஈரத்தோடு கிடக்கும். தீபாவளி நெருங்குகிறது, ஊரில் லாட்ஜ் எல்லாம் நிரம்பி வழிகிறது. திடலில் போய்ச் சொன்னபோது இளவட்டங்கள் முகம் சுளித்தார்கள். "மேல போறதுக்குப் படம் காட்டுனா கீழ உள்ளவய்ங்க மாறிருவாய்ங்களா?" என்றார் ஒருவர்.

"மாறுவாங்களான்னு தெரியாது. ஆனா அவங்க நம்புறது அது ஒண்ணைத்தான். உங்க மனுவை நம்ப மாட்டாங்க, என் வாயை நம்ப மாட்டாங்க. அவங்க கண்ணை வச்சே அவங்களுக்குக் காட்டுவோம்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சோலைராஜா சிரித்தார். "சரி, விரிக்கிறதுதான நம்ம வேல. விரிப்போம்."

கிளம்பும்போது மூக்கம்மா கூடவே நடந்து வந்தார்.

"எந்த ஊருத்தா நீயி?"

"கோவில்பட்டி."

"கோவில்பட்டியில யாரு வீட்டுப் பிள்ள?"

பஸ் வந்துவிட்டது என்று சொன்னேன். பஸ் வரவில்லை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

அக்டோபர் 8

நாளை கிழக்குப் பாதி, பதினான்காம் தேதி மேற்குப் பாதி என்று எழுதி ரிஃபாயாவுக்கு மெயில் அனுப்பினேன். பதினான்கை மேகம் கெடுத்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று பத்தொன்பதையும் மேற்குப் பாதிக்குச் சேர்த்தேன். பிறகு யாரும் "பின்னாடி எழுதிக்கிட்டீங்க" என்று சொல்லக் கூடாது.

அக்டோபர் 9

கிழக்கு. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒன்பதரைக்குள் ஓர் ஏக்கர் வெள்ளை. நான் ஓரமாக நின்று வேடிக்கை மட்டும் பார்த்தேன். பத்தரைக்கு எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. "போயிருச்சா?" என்றார் மூக்கம்மா. போயிருக்கும் என்றேன். "ஒரு சத்தம்கூடக் குடுக்காமப் போகுது, நம்மளப் பாக்க வர்ற அதிகாரி மாதிரி" என்றார்.

சாயங்காலம் படம் வந்தது. கிழக்கு வெள்ளை, மேற்கு பழுப்பு. கத்தி வைத்து வெட்டின மாதிரி நடுவில் கோடு. கணினியிடம் கொடுத்தேன்: கிழக்கே கட்டடம், மேற்கே வெற்று நிலம் என்றது. முட்டாள் கணினி. முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

அக்டோபர் 14

மேகம். ஊரே தெரியவில்லை. ஒரு நாள் துணி பாழ். யாரும் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலாம்.

அக்டோபர் 17

சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். திடல் பக்கம் நான் அடிக்கடி போவது அவர் காதுக்குப் போயிருக்கிறது.

"உங்க ஒப்பந்தம் டிசம்பரோட முடியுது. நீட்டிக்கச் சொல்லி நான்தான் எழுதணும். பார்த்து நடந்துக்கங்க."

"பார்த்துத்தான் சார் நடக்கிறேன். பார்க்கிறதுதானே என் வேலை" என்றேன்.

வெளியே வந்தபின் வாடகை, அம்மாவின் மாத்திரை எல்லாம் மனதில் வந்து போயிற்று. பயமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 19

காலையில் மேகம் திட்டுத் திட்டாக நின்றது. இன்று தவறினால் அடுத்தது இருபத்து நாலு. அதற்குள் மழை பிடித்துவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ரிஃபாயாவும் வந்திருந்தாள். மூட்டைகள் வரத் தாமதம். லாட்ஜ்காரர்கள் துணியை லேட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பதே முக்காலுக்கு மேற்கில் பாதிகூட நிரம்பவில்லை.

நிற்க முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டையைப் பிரித்தேன். விரிப்பின் இரண்டு மூலையை விரலிடுக்கில் பிடித்து உதறி, காற்று அடியில் புகுந்து தூக்கும்போது கீழே இறக்கினால் சுருக்கமில்லாமல் படியும். எதிர்ப்பக்கம் மூக்கம்மா பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வரிசை முடித்தபோது மற்றவர்கள் அரை வரிசையில் இருந்தார்கள். ரிஃபாயா கல் பொறுக்கிப் போட்டுக்கொண்டே வந்தாள்.

"ஏய், உனக்கு எப்படிடி இதெல்லாம் தெரியும்?" என்றாள்.

"பார்த்துக் கத்துக்கிட்டேன்" என்றேன்.

மூக்கம்மா அடுத்த விரிப்பின் மூலையை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

பத்தேகாலுக்கு மேற்கு முழுக்க வெள்ளை. மேகம் ஒன்று கண்மாய் மேல் வந்து நின்றது. அது மெல்ல நகர்ந்து ரோட்டுப் பக்கம் போயிற்று. வெயில் விழுந்தது. கண் கூசியது. அழுகை வந்தது, வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 20

மேற்கு வெள்ளை. கிழக்கு பழுப்பு. கணினி சொல்கிறது: மேற்கே கட்டடம்.

அக்டோபர் 28

மழை. உள்ளே காயப்போட்டது எதுவும் காயவில்லை. தீபாவளிக்கு அம்மாவுக்குச் சேலை எடுத்தேன். கூட்டத்துக்குப் பேச வேண்டியதைக் குளியலறையில் நின்று சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார்.

நவம்பர் 4

எழுதி முடித்துவிட்டுத்தான் சாப்பிடுவது.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். திட்டக் குழுவின் சார்பில் வந்திருந்த பொறியாளர் அம்மா தலைமை, நறுக்கென்று பேசுகிறவர். சார் ஏழு இடங்களையும் காட்டி முடித்தார். களச் சரிபார்ப்பு பற்றி ஏதாவது சேர்க்க இருக்கிறதா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். இருக்கிறது என்று எழுந்தேன்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

"நம்ம கணினி சொல்றபடி ஆவாரங்கண்மாய்க் கரையில அக்டோபர் ஒன்பதாம் தேதி கிழக்க ஒரு ஏக்கர் கட்டடம் இருந்துச்சு. பத்தொம்பதாம் தேதி அதே கட்டடம் மேற்க இருக்கு. பத்து நாள்ல இடிச்சு, பக்கத்துல கட்டி, வெள்ளையும் அடிச்சிருக்காங்க. இல்லைன்னா கட்டடம் நடந்து போயிருக்கணும்."

பொறியாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பொருளாதாரக்காரர் சிரித்துவிட்டு சாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்ன நடந்ததென்று சொன்னேன். ரிஃபாயா எழுந்து, எட்டாம் தேதியே தனக்கு மெயில் வந்ததாகவும் தானும் கூட நின்றதாகவும் சொன்னாள்.

"இது ஏற்பாடு பண்ணின நாடகம்" என்றார் சார்.

"ஆமா சார். சோதனையை ஏற்பாடு பண்ணித்தான் செய்யணும். வெற்று நிலம்னு போட்டீங்களே, அதை எந்தச் சோதனை பண்ணிப் போட்டீங்க?"

அவர் முகம் சிவந்தது. குரலை மட்டும் தாழ்த்திக் கேட்டார்: "ஆய்வு பண்றவங்க வெளிய நின்னு பார்க்கணும் செண்பகம். நீங்க உள்ள போய்த் துணி விரிச்சிருக்கீங்க. நேரடியாவே கேக்குறேன். இந்த இடத்துல உங்களுக்குச் சொந்த நலன் ஏதாவது இருக்கா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். இருபது வருடமாகச் சொல்லிப் பழகின வார்த்தை.

"இருக்கு சார்" என்றேன். "எங்க அம்மா கோவில்பட்டியில முப்பது வருஷம் இதே வேலைதான் பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி எங்க ஆச்சி. காலேஜ் சேர்ற வரைக்கும் நானும் விரிச்சேன், மடிச்சேன், வீடு வீடா மூட்டை கொண்டு போய்க் குடுத்தேன். அதனாலதான் அந்த நிலம் சும்மா கிடக்கலைன்னு எனக்குப் பார்த்ததும் தெரிஞ்சது. உங்களுக்கு ஏழு வருஷத்துப் படத்தைப் பார்த்தும் தெரியல. சொந்த நலன் எனக்கு மட்டும்தான் இருக்கா? சாயங்காலம் நடக்க ஒரு வனம் வேணும்னு நினைக்கிறதும் சொந்த நலன்தான். அதை யாரும் யாரையும் கேக்கல."

உட்கார்ந்துவிட்டேன். ரிஃபாயா மேசைக்கடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறியாளர் அம்மா பேனாவை மூடினார். "ஆவாரங்கண்மாயைப் பட்டியல்லேர்ந்து எடுங்க. நானே ஒரு நாள் வந்து பார்க்கிறேன். சார், உங்க பதினோரு வகையில இது எதுலயும் சேராது. பன்னிரண்டாவதா ஒண்ணு போட்டு, இந்த மாதிரி எடம் ஊர்ல இன்னும் எத்தனை இருக்குன்னு தேடிக் குடுங்க."

சார் தலையாட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 5

அம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்காரம்மா காதுக்குப் போச்சுன்னா?" என்றாள்.

"நான் வாடகைதாம்மா குடுக்கேன், பொண்ணு கேக்கலயே."

சிரித்தாளா அழுதாளா என்று போனில் தெரியவில்லை. தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு தூங்கச் சொன்னேன்.

நவம்பர் 7

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது; நீட்டிப்பு இல்லை என்று தகவல் வந்துவிட்டது. எதிர்பார்த்ததுதான். அதுவரை பன்னிரண்டாவது வகை என் பொறுப்பு. இதுவரை ஊருக்குள் இன்னும் நான்கு இடங்கள் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று பட்டியலில் மூன்றாவதாக இருந்த "வெற்று நிலம்". அங்கே வேலி போடுவதையும் இப்போது நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் சார் போன் செய்தார். குரல் சமாதானமாக இருந்தது.

"அந்த வகைக்குப் பேர் வேணும்மா. அறிக்கை நாலு பேர் படிக்கிறது. கொஞ்சம் நாகரிகமா, துணி உலர்த்தும் வெளின்னு போட்டிரலாமா? உங்களுக்கும் அதுதான் நல்லது, பாருங்க."

"கோயிலைக் கோயில்னு போட்டிருக்கோம். சுடுகாட்டைச் சுடுகாடுன்னு போட்டிருக்கோம். இதுக்கு மட்டும் எதுக்கு சார் முக்காடு? ஊர்ல என்ன பேரோ அதைத்தான் போடுவேன்."

"செண்பகம், உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகத்தான் சார் நானும் சொல்றேன்."

அவர் வைத்துவிட்டார். இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து புரட்டினேன். திடல் என்று எழுதியிருக்கிறேன், அந்த இடம் என்று எழுதியிருக்கிறேன், என்ன வேலை என்று எழுத வேண்டியதில்லை என்றும் எழுதியிருக்கிறேன். என்னைத் தவிர யாரும் படிக்காத இதில்கூட. போதும்.

கோப்பைத் திறந்து, பன்னிரண்டாவது நிறத்துக்கு நேரே தட்டினேன்: வண்ணாந்துறை. தயாரித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயரையும் போட்டு, கூட்டத்துக்கு வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டேன்.